தாள் மடிப்புக்குள் இருந்த எழுத்து

அவன் துணை

மொண்ட்ரியால்
பூரிம் பண்டிகை கழிந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை

என் அருமை மகள் ஹிந்தாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஆண்ட்வெர்ப்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் அவனிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கால் வீக்கம் குறைந்ததா, ஏழாம் மாதத்தில் நின்றுகொண்டே சமைக்காதே, முக்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்கு, உப்பைக் குறை. அப்பாவுக்கு முழங்கால் வலி இந்தக் குளிரில் போகவில்லை, பனி இன்னும் இடுப்பளவு கிடக்கிறது, வாசல் இரும்புப் படியில் ஐஸ் உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது. உடம்பளவில் என்று எழுதினேனே, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். புதன்கிழமை காலை உன்னைப் போனில் கூப்பிட்டு, நான் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய சாக்லேட்டை ஒரு துண்டுகூட வாயில் வைக்காதே, யாருக்கும் கொடுக்காதே, எடுத்துக் குப்பையில் போடு என்று சொன்னேன். நீ ஏன் என்று கேட்டாய். பால் கலந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசினால் குரல் உடைந்துவிடும், நீ அங்கே இருந்து பயந்துபோவாய் என்று நினைத்தேன். ஆனால் நம் தெருவில் நடந்தது ஆண்ட்வெர்ப்புக்கு வராமல் இருக்காது, வாரம் இரண்டு பேர் விமானம் ஏறுகிறார்கள். வேறு வாயிலிருந்து நீ கேட்பதற்கு முன் என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

போன கடிதத்தில் நீ பருப்பு வைத்த சாக்லேட் எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். பெல்ஜியத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சாக்லேட் கேட்கிறாளே இவள் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன், அது பூரிமுக்கு ஒரு வாரம் முன்பு, அப்போது சிரிக்க முடிந்தது. செய்முறையில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஹேசல்நட் பருப்பை அடுப்பில் வறுத்து, சூடாக இருக்கும்போதே துண்டில் கொட்டிக் கசக்கினால் தோல் போய்விடும். அதைச் சர்க்கரையோடு எண்ணெய் விடும்வரை அரைத்து, கொஞ்சம் பருப்பை மட்டும் உடைத்துக் கடைசியில் போட வேண்டும், பல்லில் அகப்படுவதற்கு. சாக்லேட் பாளத்தை நறுக்கி முக்கால் பங்கைக் கொதிநீருக்கு மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, இறக்கிவைத்து, மீதிக் கால் பங்கைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் சூடு தணியும். உதட்டுக்குக் கீழே ஒரு சொட்டு வைத்துப் பார், சில்லென்று இருந்தால் பதம். ஒரு துளித் தண்ணீர் விழுந்தாலும் மண் மாதிரி கட்டிதட்டிவிடும், ஜாக்கிரதை. அச்சில் ஊற்றிக் கவிழ்த்து ஓடு மாதிரி ஆனதும் பருப்பு விழுதை வைத்து, மேலே இன்னொரு தடவை ஊற்றி மூடி, அச்சை மேசைமேல் நாலு தட்டுத் தட்டு, காற்று வெளியே வந்துவிடும். அவ்வளவுதான். இவ்வளவையும் நான் பழுதில்லாமல் செய்தேன், ஹிந்தா. பளபளவென்று, ஒடித்தால் சத்தம் வரும்படி வந்தது. தவறு அடுப்புக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது.

நான் இதை முதலில் யாருக்காகச் செய்ய ஆரம்பித்தேன் என்பது உனக்குத் தெரியாது, அது உன் கல்யாணத்துக்குப் பிறகு. மேல்வீட்டில் குடியிருக்கிறாளே ரைசல், அவள் பையன் கெட்ஸல், ஆறு வயது, அவனுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிற்று வலி இல்லை, ஒரு சொட்டுப் பால் பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பூரிம் அன்று பிள்ளைகள் கூடை நிறையப் பலகாரத்தோடு வருவார்கள், இவன் கூடையை மட்டும் அவன் அம்மா நடுவில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கிவிடுவாள், கடைசியில் ஒரு ஆரஞ்சுப் பழம் மிஞ்சும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மூன்று வருடம் முன்பு ஆரம்பித்தேன். விருந்தில் இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் கூடாதே, அப்போதும் எல்லோரும் தின்னலாம் என்று நான் எப்போதும் பாலும் சேராத இறைச்சியும் சேராத பார்வே சாக்லேட் பாளம்தான் வாங்குவேன், அதே சாக்லேட் அவனுக்கும் ஆகும். பருப்பு அவனுக்கு ஒன்றும் செய்யாது. வருடத்தில் ஒரு நாள் அவன் மற்ற பிள்ளைகள் மாதிரி தாளைப் பிரித்துத் தின்பான். அதற்காகத்தான் எனக்கு இந்த வேலையே.

இந்த வருடம் ஐம்பத்திரண்டு செய்தேன். மூன்று பாளம் வீட்டில் இருந்தது, பாதி வேலையில் ஒன்று குறைந்தது. கை முழுக்கச் சாக்லேட், அப்பாவைக் கடைக்கு அனுப்பினேன். வெறும் தாளைக் கையில் கொடுத்து இதே மாதிரி ஒன்று என்றேன். அவரும் அதே பழுப்புத் தாள், அதே கம்பெனி, நாம் தின்னலாம் என்று சொல்லும் அதே கோஷர் முத்திரை பார்த்துத்தான் வாங்கி வந்தார். நிறமும் அதே கறுப்பு. நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. எத்தனை வருடமாக ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்தவள், அன்றைக்கு அவசரத்தில் பிரித்து நறுக்கிப் போட்டுவிட்டேன். முதல் தடவை உருக்கியதில் இருபத்தெட்டு, இரண்டாம் தடவை இருபத்துநாலு. எல்லாவற்றையும் ஒரே தங்கத் தாளில் சுற்றி ஒரே தட்டில் அடுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபக்கூடத்தில் பூரிம் சுருளை வாசித்து முடிந்து வந்ததும் தெருவெல்லாம் வேஷம் போட்ட பிள்ளைகள். கெட்ஸல் தீயணைப்புக்காரன் வேஷத்தில், தலையில் சிவப்புத் தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தடதடவென்று படி இறங்கி வந்தான். ப்ரைனா அத்தை, எனக்கு உண்டுல்ல என்று கேட்டான். நான் என் கையாலேயே இரண்டு எடுத்துக் கொடுத்தேன். இதுல பால் இல்லல்ல அத்தை என்று கேட்டான், அவன் எதை வாங்கினாலும் அப்படிக் கேட்கப் பழகின பிள்ளை. உனக்குன்னே செஞ்சது ராசா, பயப்படாமச் சாப்பிடு என்று சொன்னேன். இந்த வாயால் சொன்னேன், ஹிந்தா. நாலு நாளாக இந்த ஒரு வாக்கியம்தான் என் காதில் ஓடுகிறது.

பன்னிரண்டு மணி இருக்கும். விருந்துக்கு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கம் கிடந்த பாளத் தாள்களை மடித்துக் குப்பையில் போடப் போனேன். நாலாவது தாளில், ஓரம் மடித்து ஒட்டியிருந்த இடம் பிரிந்திருந்தது. உள்ளே முத்திரை, முத்திரையை ஒட்டிப் பால் உண்டு என்று சொல்லும் அந்த டி எழுத்து, எறும்பு அளவு. கீழே பிரெஞ்சில் பால் கொழுப்பு என்று போட்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். தலைக்கு மேல் கெட்ஸலின் பூட்ஸ் சத்தம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஓடுகிறான் என்றால் ஒன்றும் ஆகவில்லை, பாலில்லாத இருபத்தெட்டில் இரண்டு அவனுக்குப் போயிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. அந்த நிமிஷம் சத்தம் நின்றது.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். ஐஸ் படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், பதினேழு படி, பாதியில் கால் வழுக்கி முட்டியில் அடி, அது இப்போதுதான் வலிக்கிறது. கதவு திறந்து கிடந்தது. பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தான், தொப்பி ஒரு பக்கம் உருண்டு கிடந்தது, உதடு இரண்டு மடங்கு வீங்கி, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். அவன் அழவில்லை, அதுதான் பயங்கரம், அழுவதற்கு அவனிடம் காற்று இல்லை. ரைசல் இதற்கென்றே வீட்டில் வைத்திருக்கும் மருந்து ஊசிக் குழாயைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தாள், அந்த வேஷக் கால்சட்டைக்கு மேலேயே தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தாள். எதைத் தின்னான்னே தெரியலையே, எல்லாத்தையும் நான்தானே பாத்து எடுத்து வச்சேன் என்று கத்தினாள். அவன் பக்கத்தில் தங்கத் தாளில் பாதிச் சாக்லேட் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். இது நீ குடுத்தது, இதுனால இருக்காது, வேற எதையோ வாயில போட்டுருக்கான் என்றாள்.

உன்னிடம் மறைக்கப்போவதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. குனிந்து அந்தப் பாதிச் சாக்லேட்டை எடுத்து என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்று கேட்டால், கீழே கிடக்கிறதே என்று எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். ஒளித்தேன். அதற்குள் நம் ஆட்களின் அவசர வண்டி வந்துவிட்டது, வந்தவர்களில் ஒருவர் பூரிம் வேஷத்தில் ராஜா, தலையில் அட்டைக் கிரீடம், கன்னத்தில் சாயம், அந்தக் கோலத்தில் பிள்ளை முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்துத் தூக்கிக்கொண்டு அந்த ஐஸ் படியில் இறங்கினார். கிரீடம் பனியில் விழுந்ததை யாரும் எடுக்கவில்லை. ரைசலின் வீட்டுக்காரர் காலையிலிருந்து வெளியே பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார், அவரைத் தேட ஒரு ஆள் ஓடினான்.

கீழே வந்து அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் படித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாங்கிட்டு வந்தது என்றார். திருப்பிப் பாக்காதது நான் என்றேன். ரைசல்கிட்ட சொன்னியா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ப்ரைனா, எழுந்திரு, கோட்டைப் போடு, நான் டாக்ஸிக்குச் சொல்றேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போ, நான் ஒவ்வொரு வீடாப் போன் பண்றேன் என்றார். முதல் போன் நம் மதகுரு ராபிக்கு, அவருக்கும் இரண்டு போயிருந்தது. அப்பாவிடம் ராபி, பானை சட்டி, இறைச்சி விருந்து எல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மெனஷே, வேற எந்த வீட்டுல பால் ஆகாத புள்ள இருக்குன்னு முதல்ல பாரு என்றாராம். வேறு யாரும் இல்லை, அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டாக்ஸியில் போகும்போது என்ன நினைத்தேன் தெரியுமா. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன், அது உண்மை. அதன் அடியிலேயே இன்னொன்றும் ஓடியது, அவன் பிழைத்துவிட்டால் சொல்லாமலே இருந்துவிடலாமே, அப்பா பாலைப் பற்றிப் போன் செய்தாலும் எந்தச் சாக்லேட்டில் இருந்தது என்று யாருக்குத் தெரியும், இருபத்தெட்டு நல்லதுதானே என்று. நம் தெருவில் ஒருத்தி சமையலறைமேல் நம்பிக்கை போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இவ்வளவு கெட்ட மனசு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி நடையில் ரைசல் சுவரில் சாய்ந்து நின்றாள். மூச்சு வந்துவிட்டது, ஆனால் சில மணி நேரம் கழித்து அடைப்பு திரும்பவும் வரலாம், பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். வீட்டில் பால் எதுவும் இல்லை என்று அவள் அடித்துச் சொல்ல, அப்படியானால் பருப்பாக இருக்கலாம், புதிதாக ஆரம்பித்திருக்கலாம், இனி எல்லாப் பருப்பையும் நிறுத்துங்கள், சோதனை செய்வோம் என்றாராம். அதைச் சொல்லி அவள் அழுதாள். பால் போச்சு, இப்ப பருப்பும் போச்சுன்னா அவன் எதைத்தான் தின்னுவான் ப்ரைனா, பாதாம் வெண்ணெயிலதானே அவன நான் வளக்குறேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் தோளை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பருப்பு இல்ல ரைசல், பால்தான், என் சாக்லேட்டுதான் என்றேன். தாளைக் கொடுத்தேன், ஏப்ரனைக் கழற்றாமலே கோட்டு போட்டு வந்திருந்தேன், பையிலிருந்து அந்தப் பாதித் துண்டையும் எடுத்தேன்.

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. தாளைப் படித்தாள். எப்பத் தெரியும் உனக்கு என்று கேட்டாள். நீ ஊசி போடுறதுக்கு முன்னாடியே என்றேன். அங்க நின்னுக்கிட்டு இருந்தியே, எதைத் தின்னான்னு நான் கத்துனேனே, நீ நின்னுக்கிட்டுத்தானே இருந்த என்றாள். குரலை உயர்த்தவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனாள், போகும்போது திரும்பி, வீட்டுக்குப் போ ப்ரைனா என்றாள். நான் போகவில்லை, வெளி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவள் வீட்டுக்காரர் வந்து மறுபடி ஒன்றும் வரவில்லை, இன்று இரவு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் கிளம்பினேன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டார்கள். ஆனால் நாள் முழுக்க மேலே ஓட்டம் இல்லை, ரைசல் அதட்டி உட்காரவைத்திருப்பாள், நான் கூரையைப் பார்த்தபடியே இருந்தேன், ஒரு நாற்காலி நகர்ந்தால்கூட எழுந்து நின்றேன். மதியம் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது, உள்ளே நான் கொடுத்த சாக்லேட், பிரிக்காமல். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, தட்டவும் இல்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பை. அப்பா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார், குப்பையில் போடச் சொல்லித்தானே போன் பண்ணினேன், திருப்பித் தரச் சொல்லலையே என்று மட்டும் முணுமுணுத்தார்.

நேற்று வியாழன் காலை கதவு தட்டும் சத்தம். ரைசல். உள்ளே வரச் சொன்னேன், நான் பேச வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அலமாரியைத் திற என்றாள். எது என்றேன். எல்லாம் என்றாள். தரையில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கொடுத்தேன், அவள் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, மடிப்பைப் பிரித்து, விரல் வைத்துப் படித்தாள். மாவு, ஈஸ்ட், கோகோ, சூப்புத் தூள், மார்கரின் எல்லாவற்றையும். மூன்று மணி நேரம். என்னை நம்பி எத்தனை வருடம் அவள் பார்க்காமலே தின்றவள். ஒரு ரொட்டித் தூள் டப்பாவைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தாள், அதிலும் மோர்ப் பொடி. நான் அதைப் போன மாதம்தான் வாங்கினேன், அதையும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அழுவாத, கண்ணு மங்கினா எழுத்துத் தெரியாது என்றாள்.

எல்லாம் முடிந்து எழுந்தவள் போகவில்லை. மேசையில் உட்கார்ந்தாள். தண்ணி வை என்றாள். தேநீர் போட்டேன், நம் தெருவில் மறுபடி யாரும் என் வீட்டில் ஒரு வாய் குடிப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவள் ஒரு மிடறு குடித்து, இன்னொரு மிடறு குடித்து, அவன் நேத்து ராத்திரி கேட்டான், ப்ரைனா அத்தை இனிமே சாக்லேட்டு செய்ய மாட்டாங்களான்னு என்றாள். நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைக்காத, எனக்கு இன்னும் கோவம் இருக்கு, பால் கலந்ததுக்கு இல்ல, நீ பேசாம நின்னதுக்கு என்றாள். ஆனா ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல்வீட்டுக்கு வா, என் அடுப்பு, என் பாத்திரம், நான் வாங்கி வச்ச பாளம், நீ செய், நான் பக்கத்துல நின்னு பாக்குறேன் என்றாள். கோப்பையைக் காலி செய்து வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை போகத்தான் போகிறேன். எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அந்தப் பிள்ளை என் கையால் இன்னொரு தடவை ஒன்றை வாங்கி வாயில் வைப்பான், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். நீ போகலைன்னா அவன் வாழ்நாளெல்லாம் ஒவ்வொருத்தர் கையையும் பாத்துப் பயப்படுவான் என்றார்.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான், ஹிந்தலே. வீட்டுக்கு வரும் எந்தப் பொட்டலத்தையும், நூறு தடவை வாங்கினதாக இருந்தாலும், நல்ல வெளிச்சத்தில் மடிப்பைப் பிரித்துப் படி. தப்புச் செய்துவிட்டால் அந்த நொடியே சொல்லிவிடு, ஒரு மூச்சுக்கூடத் தாமதிக்காதே. உன் வயிற்றில் இருப்பது நல்லபடியாக, நல்ல நேரத்தில், அழுதுகொண்டே பிறக்கட்டும், சத்தமாக அழட்டும். மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். கடவுள் உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும். பெசாக் பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்கிறேன் என்று மேசைமேல் ஏறாதே, மாப்பிள்ளையை ஏறச் சொல். அடுப்பில் மீன் கொதிக்கிறது, சாயங்காலம் ஷப்பாத் ஓய்வுநாள் விளக்கு ஏற்றுவதற்குள் இதைத் தபாலில் சேர்க்க அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கெட்ஸல் பேரைச் சொல்லி நீயும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள், அவனுக்காகவும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நடுங்கப்போகும் என் கைக்காகவும்.

உன்னை எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா
ப்ரைனா